அபுதாஹிர் போட்ட ஒன்று

"கொஞ்சம் நகந்துக்கிடுங்க அண்ணாச்சி, கொடலப் பாக்கணும்" என்று நாற்காலியை முழங்காலால் ஓரந்தள்ளிவிட்டு, நின்றபடியே கீபோர்டின் மேல் குனிகிறார் அபுதாஹிர். இரண்டு விசைகளை ஒருசேர அழுத்துகிறார். சின்னதாக ஒரு கட்டம் எழும்புகிறது. அதில் ஏழு எழுத்தைத் தட்டுகிறார். திரையின் இடது பக்கம் மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள் திறக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. ஐந்தாறு படி இறங்கியதும் நிற்கிறார். "இந்தா கெடக்கு பாருங்க. நாலு. நாலு இருந்தா சீக்கு. மூணு இருந்தா சொகம்." நாலை அழித்து மூன்று போடுகிறார். ஜெராக்ஸ் கடை நம்பிராஜன் காலையிலிருந்து சொருகிச் சொருகிப் பார்த்து அலுத்துப்போன பென்டிரைவ், 'டிங்' என்று குரல் கொடுத்து உயிர் பெறுகிறது. நம்பிராஜன் வாயைப் பிளக்கிறார். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறார், இன்னும் பிளக்கிறார்.

அபுதாஹிர் குடல் என்று சொல்வதற்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். தான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் லட்சக்கணக்கான வரிகள் அவை. மௌஸ் எப்படி ஓட வேண்டும், பிரிண்டர் எதற்குக் கட்டுப்பட வேண்டும், யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது, எல்லாம் அங்கே ஒரு பெயரும் ஒரு எண்ணுமாகக் கிடக்கும். படித்தவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஒரு வரி தப்பினால் இயந்திரம் மறுநாள் கண் விழிக்காது. அபுதாஹிர் படித்ததோ எட்டாவது வரைக்கும், மாநகராட்சிப் பள்ளியில், தமிழ் மீடியத்தில்.

அவருடைய ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆங்கிலம் இல்லை. முகம் பார்த்துப் பழகிய ஆங்கிலம். சொல்லின் நீளத்தையும், அதில் எது மேலே முட்டுகிறது, எது கீழே தொங்குகிறது என்பதையும் வைத்து அடையாளம் கண்டுகொள்வார். சிலவற்றுக்குப் பட்டப்பெயரும் உண்டு. ஒருவன் 'நெட்டக் களுத்தன்', இன்னொருவன் 'ரெட்ட வயிறன்'. "நெட்டக் களுத்தனுக்குள்ள போயி, ரெட்ட வயிறனத் தொறந்தா, அடியில ஒரு சைபர் கெடக்கும். அத ஒண்ணாக்குனா ஒங்க பிரிண்டர் சாலு" என்று ஃபோனிலேயே வைத்தியம் சொல்வதைக் கேட்ட ஒரு கல்லூரிப் பையன், தலையில் கைவைத்துக்கொண்டு போனதாகக் கேள்வி. பிரிண்டர் என்னவோ ஓடியது.

ஊர் கடையநல்லூர்ப் பக்கம். அது அவருடைய வாப்பாவின் ஊர். இவர் பிறந்தது வடக்கே சயானில், வளர்ந்தது அங்கே பிழைக்க வந்த தமிழர்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில். முன்பு எம்பிராய்டரி மிஷின் மெக்கானிக்காக இருந்தார். மிஷினோடு சேர்ந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் கம்பெனி ஆள் வருவதற்கு மூன்று நாள் ஆகும். வந்த ஆள் ஒருமுறை இந்த மஞ்சள் ஃபோல்டர்களைத் திறந்து, ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னால் நின்று பார்த்த அபுதாஹிருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இவ்வளவுதானா? ஒரு எண்தானா? அதுதான் அவருடைய படிப்பு, பட்டம், எல்லாம்.

பயம் உள்ள மனிதர். எந்த வரியில் கை வைப்பதானாலும் அதற்கு முன் அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதியும் வீட்டுப் பெயரும் போட்டுத் தன் பென்டிரைவில் வைத்துக்கொள்வார். வைத்தியத்துக்கு முன் இருந்த நிலைமை என்னவென்று நாளைக்கு யாரும் கேட்டால் காட்ட வேண்டாமா? பிறகு ஒரு பிஸ்மில்லாஹ். அதன் பிறகுதான் மாற்றுவார்.

அவர் காதில் விழக்கூடாத சொல் ஒன்று உண்டு. அது ஃபார்மேட். எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்கு அந்தப் பெயர். சட்டையை இன் பண்ணிக்கொண்டு தாதரிலிருந்து வருகிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள், வந்ததும் வராததுமாக, "அங்கிள், ஃபார்மேட் மார்னா படேகா" என்பார்கள், அடித்தே ஆக வேண்டுமாம். அபுதாஹிருக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். "ஃபார்மேட் அடிக்கிறவன் டாக்டர் இல்லவே, போஸ்ட்மார்ட்டம் பண்ணுறவன். இருவது வருசமா கை வைக்கேன். எவன் வீட்டுலயும் ஒரு ஃபைலு, ஒரு போட்டோ போச்சுன்னு பேச்சு வந்துருக்கா? கேட்டுப் பாருங்க." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஒரு படி ஏறும். மற்ற நேரத்தில் அவருக்குக் குரலே கிடையாது. வீட்டில் மனைவி ஃபர்ஸானா நாலு வார்த்தை பேசினால் இவர் தலையை ஆட்டுவதோடு சரி.

அந்தப் பேச்சு போன மாதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது.

தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்சந்தில், இரும்பு ஏணி வைத்து ஏறும் மாடியறையில், அபுதாஹிர் லாத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் மதீனா பீவி எம்பிராய்டரி தொழில் நடத்துகிறார். இரண்டு கம்ப்யூட்டர் மிஷின்கள், அவற்றை ஓட்டும் நாலு காரிகர்கள். மிஷினுக்கு ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த நூல், எத்தனை தையல் என்று சொல்லும் டிசைன்களை வரைவது மகள் ஷைஸ்தா. பதினேழு வயதில் உட்கார்ந்தவள், இப்போது இருபத்து நாலு. ஏழு வருடத்தில் ஆயிரத்து எண்ணூறு டிசைன். துப்பட்டா ஓரத்துக் கொடி, கழுத்துப் பூ, கல்யாண லஹங்காவின் மயில், எல்லாம் அந்தப் பிள்ளை ஒவ்வொரு தையலாக வைத்தது. தாதர் கடைக்காரர்கள் மதீனா பீவியைத் தேடி ஏணி ஏறி வருவதே அதற்காகத்தான்.

"மாமா, டிசைன் ஒண்ணுகூடத் தொறக்க மாட்டேங்குது" என்றாள் ஷைஸ்தா ஃபோனில். "பேரெல்லாம் வேற மாரி கெடக்கு. ஜல்தி வாங்க மாமா."

"ஒண்ணும் ஆவாது பிள்ள. கொடல்ல எங்கயாவது எளுத்து மாறிருக்கும். எதையும் தொடாத, வாரேன்" என்றார் இவர். சொல்லும்போது டீ கிளாஸ் கையில் இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டே புறப்பட்டார். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்து இன்றைக்கும் தன்னைத் திட்டிக்கொள்கிறார்.

ஏணி ஏறும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. மிஷின் சத்தம் இல்லை. பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த அறையில் மிஷின் நிற்பதாவது! நாலு காரிகர்களும் சுவரோரம் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷைஸ்தாவின் இடது கன்னத்தில் விரல் தடம் சிவந்து கிடந்தது.

திரையைப் பார்த்தார். ஆயிரத்து எண்ணூறு பெயருக்குப் பின்னாலும் ஒரே மாதிரி ஒரு வால் ஒட்டியிருந்தது, வாயில் நுழையாத ஏழெட்டு எழுத்து. மயிலும் கொடியும் சின்னச் சின்னப் படங்களாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் வெறும் வெள்ளைத் தாள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடுதாசி. அதில் இருந்த சொற்களின் முகங்கள் அபுதாஹிருக்குப் பழக்கமில்லாதவை. காரிகர்களில் இளையவன் அர்பாஸ் எழுந்து வந்து வாசித்து இந்தியில் சொன்னான். உங்கள் ஃபைல்கள் அனைத்தையும் பூட்டிவிட்டோம், சாவி எங்களிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் விலை பேசுங்கள் என்று எழுதியிருந்தது.

யாரிடம் பேச? மதீனா பீவியிடமா? இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டிய அறையில், துப்பட்டா ஓரத்துக்குப் போட்ட பூவைப் பூட்டி வைத்துக்கொண்டு விலை பேச உலகத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறானா? முகம் தெரியாத ஒருவன், ஊர் பெயர் தெரியாத ஒருவன்? கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று அபுதாஹிருக்குத் தெரியும். வேண்டுமென்றே ஒருவன் கெடுப்பான் என்பது இருபது வருடத்தில் அவர் கண்ணால் காணாத சங்கதி.

"நகல் வச்சிருப்பியே பிள்ள, அந்தப் பெட்டி எங்க?"

ஷைஸ்தா கையைக் காட்டினாள். நகல் வைக்கும் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடந்தது. அதற்குள்ளும் அதே வால், அதே கடுதாசி.

"நேத்து ஒரு புது ஆளு பென்டிரைவ் கொண்டாந்தான்" என்று ஆரம்பித்தார் மதீனா பீவி. "டிசைனு இருக்கு, பாருங்கன்னான். இவ பாட்டுக்கு வாங்கிச் சொருவிட்டா. கண்டவன் குடுத்தா சொருவிருவாளா? ஏளு வருசம், தாஹிரு! ஏளு வருசம் போச்சு. இனி இவ கம்ப்யூட்டர் பக்கம் உக்காரவே வேண்டாம். நூலு சுத்திக்கிட்டுக் கெடக்கட்டும். எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

சொல்லித்தான் இருந்தார். சந்தில் உள்ள அத்தனை பட்டறைகளும் கடைகளும் இருக்கிற வாட்ஸாப் குரூப்பில், 'எம்மவ கையால கெட்டுச்சு, ஆர்டரு லேட்டாவும், மாப்பு பண்ணுங்க' என்று காலையிலேயே வாய்ஸ் மெசேஜ் போயிருந்தது. அபுதாஹிர் வரும் வழியில் அவர் ஃபோனிலும் வந்து கிடந்தது. திறந்து பார்க்காமல் வந்திருக்கிறார்.

அவருக்கு ஒன்று பிடிபடவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு காவல்காரன் உண்டு. வாங்கும்போதே கூட வருகிறவன். வெளியிலிருந்து வருகிற எதையும் மோந்து பார்த்து, சந்தேகம் தட்டினால் கூச்சல் போட்டு, பிடித்துக் கட்டி வைப்பான். பென்டிரைவில் வந்த இந்தச் சனியனைக் கண்டு அவன் ஏன் வாய் திறக்கவில்லை? அபுதாஹிர் குனிந்தார். ஏழு எழுத்தைத் தட்டினார். மஞ்சள் ஃபோல்டர்களில் படி படியாக இறங்கினார். காவல்காரனின் பக்கத்துக்கு வந்தார்.

அங்கே ஒன்று என்று இருந்தது.

காவல்காரன் படுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். சைபர் என்றால் விழித்திரு. ஒன்று என்றால் படு. யார் போட்டது இந்த ஒன்றை? வைரஸ்தான் போட்டிருக்கும் என்று ஒரு நொடி மனசு குதித்தது. கை தன்னால் பைக்குள் போய்ப் பென்டிரைவை எடுத்தது. இந்தக் கம்ப்யூட்டரில் சொருகப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அர்பாஸின் ஃபோனில் ஒரு சின்ன இணைப்பு வைத்துச் சொருகிப் பார்த்தார். மதீனா லாத்தா வீடு, மார்ச் பதினாலு, மூன்று வருடம் முந்தி. அதே பக்கத்தில் கை வைப்பதற்கு முன் எடுத்த நகல். அதில் அந்த வரியே இல்லை. கை வைக்காத பக்கத்துக்கு அவரிடம் நகல் இருக்காது; அந்த வரியை எழுதியதே அவர்தான்.

ஞாபகம் வந்தது. டிசைன் வரைகிற சாஃப்ட்வேர் அசல் இல்லை. இந்தச் சந்தில் யாரிடமும் அசல் கிடையாது. அசல் வாங்குவதானால் மிஷினை விற்க வேண்டும். கைமாறிக் கைமாறி வந்த திருட்டு நகல். காவல்காரனுக்கு அதைக் கண்டாலே ஆகாது, தினம் காலையில் அதைப் பிடித்துக் கட்டிவிடுவான். ஷைஸ்தா தினம் அழுவாள். அபுதாஹிர் வந்தார், நகல் எடுத்தார், பிஸ்மில்லாஹ் சொன்னார், ஒன்று போட்டார். காவல்காரன் படுத்தான். சாஃப்ட்வேர் ஓடியது. கம்ப்யூட்டரும் முன்னைக்கு வேகமாக ஓடியது. "இனி தொந்தரவே கெடயாது லாத்தா" என்று சொல்லிவிட்டு ஏணி இறங்கினார்.

அவ்வளவோடு நின்றதா? மதீனா லாத்தா வீட்டுக்குப் போட்ட மாதிரி எங்களுக்கும் போடுங்க என்று ஆள் மேல் ஆள் வந்தார்கள். அவருக்குப் பெயர் வந்ததே அந்த வைத்தியத்தால்தான். இந்தச் சந்தில் பதினாறு, லேபர் கேம்ப்பில் இருபதுக்கு மேல், செம்பூரில் ஆறு, பாண்டுப்பில் இரண்டு. நம்பிராஜன் கடையிலும் போட்டிருக்கிறார். ஜெராக்ஸ் கடை! ஊரில் உள்ள பென்டிரைவெல்லாம் வந்து போகிற இடம்! அத்தனை வீட்டுக் கதவையும் தன் கையாலேயே திறந்து போட்டுவிட்டு, மூன்று வருடமாக நல்ல பெயர் வாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அறையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்த வரி அவர்களுக்கு வெறும் எறும்புக் கூட்டம். இதைத்தான் அவர் பிறகு ஒளிக்காமல் சொன்னார்: கை முதலில் மறைக்கத்தான் போனது. ஒன்றை அழித்தது. சைபர் போட்டது. ஓகே என்ற பொத்தானை அழுத்துவது மட்டும் பாக்கி. அழுத்திவிட்டால் காவல்காரன் எப்போதும் விழித்திருந்ததாகவே ஆகிவிடும். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய், 'ஃப்ரீ சர்வீஸ்' என்று சொல்லி, நின்றபடியே மாற்றிவிட்டு வந்துவிடலாம். இருபது வருடப் பெயர் இருபது வருடப் பெயராகவே இருக்கும்.

"நீயே சொல்லு தாஹிரு" என்றார் மதீனா பீவி. "ஒனக்குத் தெரியாததா? இவ சொருவுனதுனாலதான போச்சு? இவ தப்புதான?"

ஷைஸ்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் மறுக்கவில்லை. அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் உண்மை என்று ஒப்புக்கொள்ளத் தயாராக நின்றாள். தன்னால்தான் போயிற்று என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டிருந்தது. அதைத்தான் அபுதாஹிரால் தாங்க முடியவில்லை.

ஓகே பொத்தானுக்குப் பக்கத்தில் கேன்சல் என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினார். சைபர் போய் மறுபடியும் ஒன்று வந்து உட்கார்ந்தது. திரையை இரண்டு கையாலும் பிடித்து மதீனா பீவியின் பக்கமாகத் திருப்பினார்.

"லாத்தா, இந்தா இருக்கு பாருங்க, ஒண்ணு. இது நான் போட்டது."

"என்னது?"

"இதுக்குள்ள ஒரு வாட்ச்மேன் உண்டு லாத்தா. அவன் முளிச்சிருந்தா அந்தப் பென்டிரைவப் புடிச்சு வெளிய எறிஞ்சிருப்பான். ஷைஸ்தா எத்தன பென்டிரைவ் சொருவுனாலும் ஒண்ணும் ஆயிருக்காது. நான்தான் அவன ஒறங்க வச்சேன். மூணு வருசத்துக்கு முந்தி, சாஃப்ட்வேர் ஓடலன்னு கூப்புட்டியளே, அன்னைக்கி. ஒங்ககிட்டயும் சொல்லல. எனக்கே மறந்துபோச்சு."

மதீனா பீவிக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். மதீனா பீவி திரையைப் பார்த்தார், அபுதாஹிரைப் பார்த்தார், பிறகு மகளின் கன்னத்தைப் பார்த்தார். "யா அல்லா" என்று தலையில் கைவைத்துக்கொண்டு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று அபுதாஹிர் நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. மதீனா பீவி கேட்டது வேறு.

"டிசைனு திரும்பக் கெடைக்குமா?"

"தெரியல லாத்தா." இருபது வருடத்தில் எந்த வீட்டிலும் அவர் சொல்லாத சொல் அது.

மதீனா பீவி காரிகர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அந்த நிலைமையிலும் அவருக்கு இப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறது பாருங்கள். "செரி, போனது போச்சு. இத வெளிய ஒருத்தன்ட்டயும் சொல்லிக்கிடாத. நாளைக்கு எவன் ஒன்ன வீட்டுக்குள்ள விடுவான்? ஒனக்கும் பிள்ளைய இருக்கு. இவளுக்கு நான் சமாதானம் சொல்லிக்கிடுதேன்."

ஷைஸ்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

அபுதாஹிர் ஃபோனை எடுத்தார். நம்பிராஜன் பெயரைத் தேடி அழுத்தினார். மணி இரண்டு முறை அடித்தது. அந்தப் பக்கம் நம்பிராஜன் எடுத்தவுடனே, "என்ன பாய், மதீனாம்மா மக இப்படிப் பண்ணிட்டாளாமே, வாய்ஸ் மெசேஜ் கேட்டேன்" என்று பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, மொதல்ல ஒங்க கம்ப்யூட்டர் வயரப் புடுங்குங்க" என்றார் அபுதாஹிர். "புடுங்கிட்டு வாங்க. யாரு பண்ணுனதுன்னு சொல்லுதேன்."

நம்பிராஜன் வயரைப் பிடுங்கப் போன இடைவெளியில், ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, ஷைஸ்தாவின் கீபோர்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.